சோரோல் சொல்ல மறுத்த வரி

பால்பல் விழுவதற்கு முன்பே சோரோலுக்கு மொட்டையடித்து மடத்தில் விட்டுவிட்டார்கள். நாற்பது வயதுவரை அவள் செய்ததெல்லாம் அண்ணன் நம்கியாலின் பார்லி வயலில் களை பறித்ததும் அவனுடைய மாட்டுக்கொட்டிலில் சாணி அள்ளியதும்தான். அந்த இமயமலைப் பள்ளத்தாக்கான சன்ஸ்காரில் பெண்துறவி என்றால் கூலி கேட்காத ஆள். லாமாக்கள் சூத்திரம் படிப்பார்கள். சோமோக்கள் என்ற பெண்துறவிகள் அவர்களுக்கு வெண்ணெய்த் தேநீர் காய்ச்சுவார்கள். சோரோலுக்கும் அதில் குறை தெரிந்ததில்லை.

யாங்ஸ்கித் சாகக் கிடந்தபோதுதான் தெரிந்தது. இருவரும் மடத்தில் ஒரே அறையில் வளர்ந்தவர்கள்.

"ஆம்பளையா பொறந்தாத்தான் ஞானம் கிடைக்குமாமே. எனக்கு அந்தளவுக்குப் புண்ணியம் இருக்குமாடி?" என்று கேட்டாள் யாங்ஸ்கித். அந்தப் பயத்தோடேயே கண்ணை மூடினாள்.

அடுத்த பௌர்ணமிப் பிரார்த்தனையில், 'மறுபிறவியில் ஆணாய்ப் பிறக்க அருள்க' என்ற வரி வந்ததும் சோரோல் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். பூசை நடத்த வந்திருந்த லாமா தோக்மெத் அதைக் கவனித்துவிட்டார்.

"ஏன் சொல்லல?"

"மாட்டேன் லாமா. போதி மரத்தடியில புத்தருக்கு ஞானம் வந்துச்சே, அது அவரோட மனசுக்கு வந்துச்சா, மீசைக்கு வந்துச்சா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லாமாவின் முகம் சிவந்தது. "நாக்கு இவ்வளவு நீளமா இருக்கே, திருவிழா அன்னைக்கு வாதக் களத்துல வந்து உட்காரேன், பாப்போம்."

போனாள். அந்தக் களத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. இளம் துறவி ஒருவன், வாதத்தில் கேள்வி வீசும் முறைப்படி, அவள் முகத்துக்கு நேரே பளீரென்று கைதட்டினான்.

"வெள்ளைக் குதிரை வெள்ளையா?"

"வெள்ளைதான்."

"வெள்ளைங்கறது நிறம். அப்ப குதிரையும் நிறமா? நிறம் புல்லு திங்குமா?"

"திங்கும்... இல்ல, திங்காது" என்று உளறினாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னொண்ணு கேளுங்க" என்றாள். அதிலும் தோற்றாள்.

திரும்பும் வழியில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆற்றோரப் பாறையில் உட்கார்ந்தாள். அவமானப்பட்டது யார் என்று தேடினாள். இந்த மொட்டைத் தலையா? சாணி அள்ளிய கையா? நெஞ்சா? சிரிப்புச் சத்தம் அங்கேயே அடங்கிவிட்டது. அதைப் பிடித்து வைத்திருப்பவள் எங்கே? தேடத் தேட அப்படி ஒருத்தி அகப்படவேயில்லை. 'நான் என்று ஒன்றில்லை' என்று வருடக்கணக்கில் அர்த்தம் தெரியாமல் ஓதிய வார்த்தைகள் சொன்னது இதைத்தானா? மடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கோபம் மறுபடி வந்துவிட்டது. ஆனால் இப்போது அதற்குள் தேடத் தெரிந்திருந்தது.

அறுவடைக்கு அழைக்க நம்கியால் வந்தான்.

"கதிர் உதிருது, கெளம்பு."

"வரல அண்ணே. படிக்கணும்."

"படிச்சு? மாவு யாரு தருவா, உன் புத்தரா?"

"இத்தனை வருஷம் உன் வயல்ல வளைஞ்சுதே, அந்த முதுகு தரும்."

வழக்கமாய் மடத்துக்கு அனுப்பும் பார்லி மாவை அந்தக் குளிர்காலத்தில் அவன் அனுப்பவில்லை. மடத்தில் கஞ்சி தண்ணீராய் ஓடியது. சில சோமோக்கள் அவளைத் திட்டினார்கள். அவள் லாமாக்களின் வாதப் பயிற்சி முற்றத்துக்குத் தேநீர் கொண்டுபோனாள். ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல் அங்கேயே உட்கார்ந்து கேட்டாள். விரட்டினால் சுவருக்கு வெளியே நின்று கேட்டாள். கேட்டதையெல்லாம் மடத்து அடுப்படியில் கைதட்டிக் கைதட்டி மற்றவர்களிடம் கேள்வியாய் வீசினாள். திட்டியவர்களும் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அடுத்த திருவிழாவில் தோக்மெத் அவளைப் பார்த்து, "திரும்பவும் தோக்க வந்தியா?" என்றார்.

"ஆமா லாமா. போன வருஷம் தோத்த எடத்துலேருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்க."

இந்தமுறை, "வெள்ளை அதோட நிறம், அது குதிரை" என்று குதிரையைத் தாண்டினாள். அதற்கடுத்த இரண்டு கேள்விகளையும் தாண்டினாள். நான்காவதில் விழுந்தாள். கூட்டம் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு எழுந்து, இருக்கையைத் தட்டிச் சரிசெய்து, அடுப்படியில் பதில் சொல்லிப் பழகி, தன்னோடு வந்து பின்னால் காத்திருந்த சோமோவிடம் சொன்னாள்:

"வா, உக்காரு. உன் முறை."