பச்சை பட்டன் வைத்த குஞ்சுப் பெட்டி

தொண்ணூற்றொன்றாம் வருஷம் என் வீட்டுக்காரருக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. மறைமலை நகரில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் அவருக்கு மெயின்டனன்ஸ் வேலை. கரண்ட் இல்லாத நேரம்தானே என்று, மெஷினுக்குள் சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடிவிட்டது. சுவிட்சை அணைக்காமல் விட்டது யாரென்று கடைசிவரை ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

ஒரகடத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபின் கையைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். பழைய வேலைக்கே வரச்சொல்லி சூப்பர்வைசர் ஆள் அனுப்பினார். இவர் அசையவில்லை. நான் வாயைத் திறந்தால் எரிந்து விழுவார்.

மார்கழியில், சைக்கிளில் கூடை கட்டிக் கலர் கோழிக்குஞ்சு விற்கிறவன் வந்தான். என்ன தோன்றியதோ, எழுந்துபோய் ரோஸும் பச்சையுமாக நாலைந்து குஞ்சுகளைத் துண்டில் ஏந்தி வந்தார். சாயம் அடித்த குஞ்சு பிழைத்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அதைச் சொல்லிச் சிரித்தேன்.

"குளிர்லதான் சாவுது. சூடு கரீட்டா குடுத்தா தேறிடும்," என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் எரிச்சல் இல்லாமல் பேசிய பேச்சு அது.

மரப்பெட்டிக்குள் பல்பு தொங்கவிட்டோம். எரியவிட்டால் குஞ்சுகள் சூடு தாங்காமல் வாயைப் பிளந்தன. அணைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. ஸ்ரீபெரும்புதூரில் எலக்ட்ரிக் கடையில் வேலைபார்த்த என் தம்பி வந்து பார்த்தான்.

"கோழிப்பண்ணைக்காரங்க வாங்கினு போற கன்ட்ரோலர் எங்க கடைல கீது மாமா. குளிர்ந்தா அதுவே பல்பைப் போடும், சூடானா அதுவே அணைக்கும். கரண்ட் போய் வந்தாகூட தொட வேணாம், தானா ஓடும்."

"தானா ஓடுறது எதுவும் இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி கிளம்பிவிட்டான். வாங்கித் தொலைத்தால் என்ன என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே பரணிலிருந்து டூல்ஸ் பையை இறக்கச் சொன்னார். பழைய சாமான் கடைக்குப் போய் சூட்டுக்குத் தக்கபடி கரண்டை விட்டு நிறுத்துகிற ஒரு தெர்மோஸ்டாட்டும் சுவிட்ச் பட்டன்களும் தேடிப் பிடித்து வந்தார். மிச்ச விரல்களுக்கு ஒயர் அடங்காமல் நழுவும். கெட்ட வார்த்தை வரும். பிடித்துக்கொடுக்கப் போனால் எனக்கும் விழும். அந்தத் திட்டுகூட அப்போது நன்றாகத்தான் இருந்தது.

"இதுங்க தேறட்டும். பொங்கல் கழிச்சு நான் கம்பெனிக்குப் போறேன்," என்று அவராகவே சொன்னார். அதற்கப்புறம் அந்தக் குஞ்சுகளுக்காக நான் வேண்டாத சாமியில்லை.

பெட்டி தயாரானதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பச்சை பட்டனை அழுத்தினார், பல்பு எரிந்தது. சூடு ஏறியதும் அணைந்தது, இறங்கியதும் எரிந்தது. பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். வீட்டு விளக்கெல்லாம் வந்தது. பெட்டிக்குள் மட்டும் இருட்டு.

"பாத்தியா? மறுபடி பச்சைய அழுத்தினாத்தான் எரியும். மெஷின்னா இப்டிதான் இருக்கணும்." அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

கரண்ட் போய் வந்தால் யாராவது எழுந்து பட்டனை அழுத்திவிட்டால் போதும். கோடையாக இருந்தால் ஃபேன் நின்ற உடனே வேர்த்து விழித்துக்கொள்வோம். மார்கழியில் யார் ஃபேன் போடுகிறார்கள்?

குஞ்சுகள் தேறிவந்தன. சாயத்துக்கு அடியில் வெள்ளை இறகு எட்டிப்பார்த்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க நான் சுண்ணாம்பு ஊறப்போட்டிருந்தேன். அவருடைய காக்கிச் சட்டையையும் துவைத்து மடித்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் விடிந்ததும் பெட்டிமேல் போட்டிருந்த சாக்கை விலக்கினார். உள்ளே இருட்டு. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒட்டிக் கிடந்தன. கையில் எடுத்தார், ஒன்றின் தலையும் நிற்கவில்லை. பல்பு போய்விட்டது போல என்றேன். அவர் பச்சை பட்டனை அழுத்தினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நாங்கள் தூங்கும்போது எப்போதோ கரண்ட் போய் வந்திருக்கிறது. அவர் செய்த பெட்டி அவர் சொன்னபடியே நின்றிருக்கிறது.

"தம்பி சொன்ன கன்ட்ரோலரா இருந்தா இந்நேரம் உயிரோட இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அன்னிக்கு தானா ஓடிச்சி, என் விரலு போச்சி. இன்னிக்கு ஓடாம நின்னுச்சி, இதுங்க போச்சி. இனிமே எத நம்பி நான் கைய வெக்கிறது, சொல்லு."

பொங்கல் கழிந்து, முன்பே சொல்லியனுப்பியிருந்தபடி கம்பெனி வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. நான்தான் போய், அவர் வரமாட்டார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.