ரப்பர் விலை ஏறும் நேரத்தில் லில்லி அக்கா

இன்றைக்கு அருமனையில் ரப்பர் ஷீட் விற்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு லில்லி அக்காவும், விலை கூடட்டும் என்று மாதக்கணக்கில் சேர்த்து வைத்த ஷீட்டையெல்லாம் ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார்.

கடைக்காரர் தடுத்தார். "இப்பம் குடுக்காண்டாம் லில்லி. இன்னும் ஏறும்."

"அதென்ன அண்ணே, அப்படி ஏறுகு?"

"வளைகுடாவுல சண்டை, கேட்டியா. எண்ணெய் வெலை ஏறினா செயற்கை ரப்பரும் ஏறும். டயர் கம்பெனிக்காரன் நம்ம ஷீட்டைத் தேடி வருவான். எண்ணெய் ஏறினதால அமெரிக்காவுக்க ரிசர்வ் பேங்கு வட்டியக் கொறைக்கல்ல. உலகத்துல பணம் வச்சிருக்கவன் எல்லாம் டாலருக்கு ஓடுகான். டாலர் ஏறினா உனக்க மாப்பிளை அங்கேருந்து அனுப்புக திர்ஹாமும் கூடவே ஏறும். ரெண்டு பக்கமும் உனக்கு லாபம்தான்."

நான் வாய்பிளந்து நின்றேன். எங்கேயோ நடக்கும் சண்டையும், எங்கேயோ யாரோ முடிவு செய்யும் வட்டியும் சேர்ந்து ஷீட் உலர்த்தும் எங்கள் புகைப்புரை வரை வந்துவிடுகிறதே!

லில்லி அக்கா சொன்னார்: "சண்டை நடக்குற அந்தக் கடக்கரையிலதான் அண்ணே அவரு கிரேன் ஓட்டுகாரு. எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க. அவருக்கு டிக்கெட் போடணும்."

கடையில் நின்றபடியே டிக்கெட் போட்டார். போனில் கணவரிடம், "வேலை போனா போட்டும். நீங்க வாங்க," என்றார்.

பிறகு கடைக்காரரிடம், "இனி வெலை எறங்கணும்னுதான் ஜெபிப்பேன். கோவிச்சுக்கிடாதீங்க."

நான் என் ஷீட்டை விற்காமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் ஏறும் என்றாரே!

ஆனால் இன்றைக்கு ஜெபத்தில் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. ஷீட் வைத்திருப்பவர்கள் நீங்களே சொல்லுங்க மக்கா.