பசை என்று எழுதிய ரத்தம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த மருத்துவச் சொல்லைக் கண்டாலும் அதன் பூர்வீகத்தை நோண்டாமல் விடமாட்டேன். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் டெக்னீஷியன் வேலை. கரமனையிலிருந்து பஸ்ஸில் வரும்போதும் போனில் அகராதியைத்தான் புரட்டிக்கொண்டிருப்பேன். வீட்டில் இதை வியாதி என்கிறார்கள். இருக்கலாம்.

எங்கள் வேலையில் தினமும் புழங்கும் சொல் 'அக்ளூட்டினேஷன்'. ஒருவருடைய ரத்தநீரோடு அவருக்கு ஆகாத ரத்தம் சேர்ந்தால் சிவப்பணுக்கள் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். அதற்குத்தான் இந்தப் பெயர். உள்ளே ஒளிந்திருப்பது 'க்ளூட்டன்' என்ற லத்தீன் சொல். பசை என்று பொருள். பரோட்டா மாவை இழுத்தால் அறுபடாமல் வருகிறதே, அதற்குக் காரணமான சத்துக்கும் அதே பெயர்தான். அணுக்களை ஒட்டவைக்கும் பொருள் 'அக்ளூட்டினின்'. அது உண்டாகக் காரணமான பொருளுக்கு, பிறப்பைக் குறிக்கும் கிரேக்க வாலை ஒட்டி 'அக்ளூட்டினோஜன்' என்று வைத்தார்கள். இதையெல்லாம் கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். கூட வேலை பார்க்கும் மலையாளப் பெண் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாத குறை.

அன்றைக்கு ஒரு கொத்தனாருக்கு மூன்று பை ரத்தம் வேண்டும் என்று சீட்டு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கால் எலும்பில் பல மாதமாகச் சீழ். மறுநாள் காலை ஆபரேஷன். தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பி நெகட்டிவ், லேசில் கிடைக்காத குரூப். கையிருப்பில் இருந்த இரண்டு பையையும் அவர் ரத்தநீரோடு சேர்த்துப் பார்த்தேன். இரண்டும் திரண்டன.

பழவங்காடியில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் அவர் தம்பிக்கும் அதே குரூப். அண்ணனைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவர். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் விஷயம் காதில் விழுந்ததும் தானாகவே வந்து, பாரத்தில் பெயரும் நம்பரும் எழுதிக்கொடுத்து, கையை நீட்டினார். அவருடைய ரத்தமும் திரண்டது.

டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பசையேதான். மைக்ரோஸ்கோப்பிலும் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் லத்தீன் தெரிந்த பெரிய மனுஷிக்கு விதி எதற்கு? 'அக்ளூட்டினேஷன், பொருந்தாது' என்று எழுதிவிட்டேன். தமிழ்க்காரி என்பதால் சொல்லிவிட்டு வரவும் என்னையே வார்டுக்கு அனுப்பினார்கள்.

சொன்னேன். அண்ணன் தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா, ரத்தமே சொல்லிட்டு. இன்னும் என்னல இங்க நிக்க? கெளம்பு."

தம்பி என்னைப் பார்த்தார். "நல்லாப் பாத்தியளா சிஸ்டர்?"

"பார்த்தேன்" என்றேன். அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கீழே வந்ததும் மலையாளப் பெண், "சேச்சி, ஓட்டோ கன்ட்ரோள் இட்டோ?" என்றாள். நோயாளியின் ரத்தநீரோடு அவருடைய சொந்த அணுக்களையே கலந்து பார்க்கும் டியூப் அது. மற்ற டியூப்களோடு அதையும் வைத்தாக வேண்டும். நான் வைக்கவில்லை. இப்போது வைத்தேன். அதுவும் திரண்டது.

சொந்த அணு சொந்த ரத்தநீரில் திரளக் கூடாது. ஓடிப்போய் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கட்டி எங்கே இருக்கிறது? அணுக்கள் பப்படக் கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. இதற்குப் பெயர் 'ரூலோ'. சுருள் என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது. நாள்பட்ட சீழால் ரத்தநீரில் புரதம் ஏறினால் இப்படி அடுக்கிக்கொள்ளும். அதற்கும் ஆகாமைக்கும் சம்பந்தமே இல்லை. ரத்தநீரை எடுத்துவிட்டு உப்புநீர் விட்டேன். பசையாக இருந்தால் அசைந்து கொடுக்காது. இவையோ எல்லா டியூபிலும் கலைந்து தனித்தனியாக நீந்தின. மிச்சச் சோதனைகளையும் முடித்து, அவளையும் பார்க்கவைத்தேன். மூன்றும் பொருந்தின.

இரண்டு சொல்லின் பூர்வீகமும் எனக்கு மனப்பாடம். என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்! மாடிப்படி ஏறும்போது வெட்கத்தில் காது சுட்டது.

"தப்பு என்னுடையது" என்றேன் கொத்தனாரிடம். "உங்க தம்பி ரத்தம் உங்களுக்குப் பொருந்தும். நான் பார்த்த விதத்துல பார்த்தா, உங்க சொந்த ரத்தமே உங்களுக்கு ஆகாதுன்னுதான் வந்தது."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார்.

"எம் ரத்தமே எனக்கு ஆவலையா?"

"அந்த டியூப்ல அப்படித்தான் தெரிஞ்சுது."

"பொறவு அவனை என்ன சொல்ல?" என்று தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"அவன் நம்பர் எங்கிட்ட இல்ல சிஸ்டர். ஒங்க பாரத்துல எழுதியிருப்பாம்லா? போட்டுத் தாங்க. நான் பேசுதேன்."