துண்டுக்குள் வேர்த்த கை

பிள்ளைகளா, செல்வி, முருகா, நம்ம செவலைக்காளையை வாங்கின கதையை உங்களுக்காகத்தான் எழுதி அனுப்புகிறேன்.

விற்றது என்னோடு படித்த சிநேகிதன், ரெட்டியார்சத்திரத்துச் சின்னராசு. சந்தை வழக்கப்படி என் துண்டால் கைகளை மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினோம். அவன் முகம் சிரித்தது. துண்டுக்குள் கை சில்லிட்டு, வேர்த்து நடுங்கியது.

"என்ன மாப்ளே, காய்ச்சலா?"

"வளத்த மாடுல்ல, மனசு கேக்கல. உனக்குன்னுதான் குடுக்குறேன்."

எனக்கும் அடிவயிறு பிசைந்தது. சிநேகிதனையா சந்தேகப்படுவது என்று என்னையே திட்டிக்கொண்டு சம்மதித்தேன்.

மறுநாள் ஏரில் பூட்டியதும் காளை படுத்துவிட்டது. தட்டினாலும் எழவில்லை. விதைக்க வேண்டிய ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் சிரித்தார்.

"ஏலே, பூட்டுனா படுத்துக்கிரும்னு அவுக ஊருக்கே தெரியும். உன் கூட்டாளி உங்கிட்ட சொல்லலையா?"



இப்போதெல்லாம் வயிறு பிசைந்தால், எதிரில் யாராயிருந்தாலும் "செத்த பொறுப்பா, யோசிச்சுச் சொல்றேன்" என்று கையை எடுத்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அன்று பக்கத்துக் காட்டுக்காரர் போனபின் காளையை அவிழ்த்துக் கழுத்தைத் தொட்டேன். அதுவும் நடுங்கியது. அதே துண்டை நனைத்து அதன் முகத்தைத் துடைத்துவிட்டேன்.