பட்ட கருவேலத்துக்கு முட்டு: கருங்குழிப் பக்கம் ஓர் ஏரி

1. நான் இராமநாதன், வயது ஐம்பத்தெட்டு, வழக்கறிஞர், படூரில் வசிப்பவன். பார்த்ததைப் பார்த்தது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் மட்டுமே கீழே எழுதுகிறேன்.

இனி எண் போடமாட்டேன், விடுமுறை. பொங்கலுக்கு நீதிமன்றம் மூடியிருந்த நாட்களில் கடைசி நாள் அது. வழக்குக் கட்டுகளைப் படித்துப் படித்து ஓய்ந்துபோன கண்ணுக்குப் பறவைகளையாவது காட்டுவோம் என்று காலை 6.30க்குக் கிளம்பினேன். திருப்போரூர், செங்கல்பட்டு வழியாகக் கருங்குழி ஏறத்தாழ 62 கி.மீ. காத்திருப்பு உட்பட வாடகைக் கார் ரூ.2,800. ஓட்டுநர் தினேஷ் வழியெல்லாம் பேசினார். பாதி என் காதில் விழவில்லை.

கருங்குழியிலிருந்து ஐந்து கி.மீ. உள்ளே, ஏரி நடுவில் ஒரு மண்திட்டு. அதன் கருவேல மரங்கள் வெள்ளையாகப் பூத்திருப்பதாகத் தொலைவில் தோன்றியது. அது எச்சம். நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கிளைக்குக் கிளை கூடு கட்டியிருந்தன. எச்சம் அளவோடு விழுந்தால் உரம். ஆண்டுதோறும் குவிந்தால் இலை கருகும், வேர் வெந்துபோகும். பாதி மரங்கள் பட்டிருந்தன. பட்டவற்றில் பெரியது தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்றது; அதன் கூடுகளில் பறக்கத் தெரியாத குஞ்சுகள்.

கரையில் ஊரின் வார்டு உறுப்பினர் மல்லிகா, நான்கு பேருடன் சவுக்குக் கழிகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். மரத்துக்கு முட்டுக் கொடுக்கப் போகிறார்களாம்.

"பட்ட மரத்துக்கா?" என்றேன்.

"மரம்தான் சார் பட்டுச்சு, குஞ்சு உசுரோட கீது. இது சாஞ்சா மொத்தமும் தண்ணில. அப்பால அடுத்த வருசம் பறவ வருமோ இன்னாவோ. இந்தத் தண்ணி பாயறதாலதான் எங்க நெல்லுக்கு உரமே பாதி மிச்சம்."

கூடு கலைந்தால் குற்றம், வனத்துறையைக் கேட்காமல் திட்டில் கால் வைக்காதீர்கள் என்றேன்.

"இன்னா சார், லீவுலயும் கேஸா?" என்றார் தினேஷ்.

மல்லிகா வனக்காவலரைக் கைபேசியில் அழைத்தார். பறவைகளைக் கிளப்பாமல் செய்யுங்கள் என்று அவர் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். எழுத்தில் வாங்குங்கள் என்றேன். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது.

"போதுமா சார்? காத்து உங்களுக்காவ நிக்குமா?" என்றார் மல்லிகா.

போதாது என்பதே என் கருத்து. ஆனால் வாடைக்காற்று பலமாக அடித்தது. மரம் முனகியது கரைவரை கேட்டது. படகில் ஏறினேன். கயிறு பிடிக்கும் வேலை எனக்கு.

மூன்று கழிகளை ஊன்றிக் கட்ட மதியமாயிற்று. நாரைகள் இரண்டு முறை எழுந்து அமர்ந்தன. ஒரு குஞ்சு விழுந்து மூழ்கியது. எங்களாலா, காற்றாலா என்று என்னால் சொல்ல இயலாது.

"மேல கீறத பாருங்க சார்," என்றார் மல்லிகா. அவரும் மேலே பார்க்கவில்லை.

போக விரும்புவோருக்கு: டிசம்பர் முதல் மார்ச்சுக்குள், காலையில் செல்லுங்கள். ஏரிக்கரையில் கடை கிடையாது, கருங்குழியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். தொப்பி அவசியம். கரையிலிருந்தே பாருங்கள்; நான் திட்டுக்குப் போனதை முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம்.

பிற்பகல் 1.40க்கு நான் புறப்பட்டபோது மரம் நின்றது. அதற்குமேல் நான் உறுதி கூற இயலாது.

(ஒப்பம்) இராமநாதன்

சாட்சிகள்:
மல்லிகா
தினேஷ்