மரத்த விரல்களும் கறுப்புக் காரும்

லெஸ்டர் பியாஸ்கியின் வீடு அமெரிக்காவின் டொலீடோ நகரில் ரயில் யார்டுக்குப் பின்தெருவில் இருக்கிறது. கார் விற்கும் கடை ஒன்றின் பின்கட்டில் வண்டிகளைக் கழுவிப் பளபளப்பாக்குவதுதான் அவனுக்கு வாழ்நாள் வேலை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்ட அவன் மனைவி வான்டாவைக் குளிப்பாட்டவும் புரட்டிப் போடவும் நான் போய்வருகிறேன். எனக்குச் சம்பளம் தருவது லெஸ்டரின் வேலையோடு வரும் காப்பீடு. வேலை போனால் காப்பீடும் போகும், நானும் போவேன். இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

போன மாதம் அவன் வேக்ஸ், அதாவது மெழுகு, போட்ட கார் ஒன்று திரும்பி வந்தது. வேக்ஸுக்கு அடியில் நறநறவென்று பொடி அப்படியே இருந்ததாம். இன்னொன்று திரும்பினால் கடைச் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதனால்தான் அடுத்த காரை அவரிடம் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே வைத்து வேலை செய்தான். கறுப்புக் கார். கறுப்பு எந்தக் குற்றத்தையும் மறைக்காது.

பாலிஷ் யார் வேண்டுமானாலும் போடலாம், அதற்கு முந்திய வேலைதான் வேலை என்பான் லெஸ்டர். முதலில் குளிர்காலத்துச் சாலை உப்பைக் கழுவ வேண்டும். பிறகு பெயிண்டில் படிந்த இரும்புத்தூளைக் கரைக்கும் மருந்தை அடித்தால் ஊதா நிறத்தில் வடியும். மிச்சம் ஒட்டியிருப்பதைச் சோப்புத் தண்ணீர் விட்டு, இதற்கென்றே விற்கும் பிசுபிசுப்பான களிமண் கட்டியால் தேய்த்து எடுக்க வேண்டும். கடைசியில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பெயிண்டைத் தடவிப் பார்ப்பார்கள். வெறுங்கைக்குத் தெரியாத பொடிகூடப் பைக்குள் இருக்கும் கைக்குத் தெரியும்.

நான் வான்டாவுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது லெஸ்டர் கையில் பையோடு வந்து நின்றான்.

"நர்ஸம்மா, உங்க கையைக் கொஞ்சம் கடன் குடுங்களேன்."

"என் கைக்கு இங்கேயே வேலை இருக்கு."

"போயிட்டு வா ஓபல்," என்றாள் வான்டா. அவளுக்கு வாய்தான் கோணியிருந்தது, நாக்கு கோணவில்லை. "என்னைத் தடவினதைவிட காரைத்தான் அதிகம் தடவியிருக்கான். இப்ப அதுக்கும் ஆள் வேணுமாம்."

பைக்குள் கையை விட்டுத் தடவினேன். காரின் கூரை வழுவழுப்பாக இருந்தது. கதவில் கை வைத்தேன். மணல்.

"அதை முடிச்சிட்டேனே!"

"முடிக்கல லெஸ்டர்."

காரைப் பார்க்க அவன் வைத்திருந்த விளக்கைச் சாய்த்துப் பானெட்டைப் பார்த்தேன். பூனை பிறாண்டியது போல நெடுகக் கோடுகள். அவன் கையிலிருந்த களிமண்ணை வாங்கிப் பிதுக்கினேன். உள்ளே கல் துணுக்கு.

"கீழே போட்டியா?"

கீழே விழுந்த களிமண்ணை அந்தத் தொழிலில் யாரும் திரும்பத் தொடமாட்டார்கள். நேராகக் குப்பைக்குத்தான் போகும்.

"விழுந்திருந்தா, கல்லு ஒட்டியிருந்தா, எனக்குத் தெரிஞ்சிருக்குமே," என்றவன் அப்படியே நிறுத்தினான். "தெரிஞ்சிருக்காது, இல்ல?"

என் சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தேன். அவனை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு அவன் விரல் நுனியில் குத்தினேன். ரத்தம் வந்தது. அவன் திரும்பவில்லை.

"சக்கரை மாத்திரை போடுறியா?"

"போடுறேன்."

"பொய்."

"அப்பப்ப போடுறேன்."

"பூட்ஸைக் கழட்டு."

"காருக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"கழட்டுன்னேன். கை மரத்தா கால் அதுக்கு முன்னாடியே மரத்திருக்கும்."

வலது காலுறை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பெருவிரலுக்கு அடியில் பள்ளம், ஓரமெல்லாம் கறுப்பு, சிவப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது.

"வலிக்கவே இல்லையே," என்றான், நல்ல செய்தி சொல்பவன் போல.

"உடனே கிளம்பணும்."

"இதை முடிச்சிட்டு வரேன். கோடெல்லாத்தையும் பாலிஷ் மெஷின்ல எடுத்துடுவேன்."

"மெஷின் ஓட்டும்போது பெயிண்ட் சூடேறினா உன் கைக்குத் தெரியுமா?"

பானெட்டில் உள்ளங்கையை வைத்தான். "நாளைக்கு இது இப்படியே போனா என் கதை முடிஞ்சது, நர்ஸம்மா. நீங்களும் வரமாட்டீங்க. அவளை யாரு புரட்டுவா? இந்தக் கையா?" தோள் குலுங்கியது.

"அழறதுன்னா என் கார்ல உக்காந்து அழு. இன்னைக்கு வரைக்கும் உனக்கு வேலை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப காப்பீடும் இருக்கு. இன்னைக்கு ஆஸ்பத்திரில படுத்தா நோய் விடுப்பு. நாளைக்குத் துரத்தின பிறகு படுத்தா கேக்க நாதியில்ல."

வான்டாவை என் காரின் பின் இருக்கையில் ஏற்றிக் கஞ்சியையும் மடியில் வைத்தேன். சாவியைத் திருகியபோது லெஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கறுப்புக் கார் கதவுல சோப்புத் தண்ணி இருக்கு. காஞ்சா கறை பிடிச்சுக்கும்."

"கால் அழுகுது, இவனுக்குக் கதவு!" என்றாள் வான்டா.

இறங்கிப் போய்த் தண்ணீர் அடித்துத் துடைத்துவிட்டு வந்தேன். வாக்குவாதத்தைவிட அது சீக்கிரம் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் கால் பெருவிரலையும் அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். கோடு விழுந்த காரைத் திரும்ப எடுத்துப்போன கடைக்காரர்கள் துரத்தவில்லை, திரும்ப வா என்றும் சொல்லவில்லை. விடுப்பு முடியும்வரை நான் வரலாம். அதற்குள் லெஸ்டரைப் பழக்கிவிட வேண்டும்.

இப்போது காலையில் நான் வான்டாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்கிறேன். லெஸ்டர் காருக்குப் பிடித்த அதே விளக்கைச் சாய்த்து அவள் முதுகில் படுக்கைப்புண்ணின் சிவப்பு தட்டியிருக்கிறதா என்று பார்க்கிறான். கை போனாலும் கண் இருக்கிறது. உணர்ச்சி மிச்சமிருக்கும் முழங்கையைக் கொடுத்துப் புரட்டப் பழக்குகிறேன். நேற்று அவளைக் கிட்டத்தட்டக் கீழே தள்ளிவிட்டான்.

"விழுந்தா குப்பையில போட்டுடுவியா?" என்றாள் வான்டா.

லெஸ்டர் சிரிக்கவில்லை. விளக்கை வைத்துவிட்டு, மறுபடியும் முழங்கையை அவள் முதுகுக்கு அடியில் கொடுத்தான்.