பன்னீர்செல்வம் குனிந்து பார்க்காத இடம்

செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் பழைய கார் வாங்கி விற்கிறவர்களிடம் போய், வண்டியைச் சரிபார்க்க நல்ல ஆள் யார் என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர் பன்னீர்செல்வத்தின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். ஐ.டி.ஐ. முடித்து ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பதினெட்டு வருஷம் கை கறுக்க வேலை பார்த்துவிட்டு, பிறகு தனியாகக் கிளம்பியவர். தோளில் ஒரு பை, அதற்குள் ஒரு டார்ச், ஒரு காந்தம், கம்பியில் கட்டிய கண்ணாடி, ஒரு ஸ்கேனர். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்க்க அவருக்கு இதில் எதுவும் தேவைப்படாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்படிப்பட்ட மனிதர் போன தை மாசத்திலிருந்து எந்த வண்டியைப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார். ஏன் என்று புரோக்கர்கள் கேட்டால் வயசாயிடுச்சு என்று சொல்லிச் சமாளிக்கிறார். காரணம் வயசு இல்லை. கோதண்டராமன்.

சர்வீஸ் சென்டரில் இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். பன்னீர்செல்வத்துக்கு எஞ்சின் பக்கம், கோதண்டராமனுக்கு பாடி ஷாப். தகடு ஒட்டுவதில் கோதண்டராமனின் கையே தனி. அவர் வைத்த வெல்டு, தையல்காரர் போட்ட தையல் மாதிரி ஒரே அளவில் ஓடும்.

அந்தக் காலத்தில்தான் அந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் கூடவே கொண்டுவந்த இரண்டு கதவு வண்டி. திருவிடந்தை தாண்டி ஒரு புளிய மரத்தில் மோதி, முன்பக்கம் நொறுங்கி, இன்சூரன்ஸ்காரர்களின் யார்டில் மழையில் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பார்த்தார்கள். பன்னீர்செல்வத்துக்கும் அதன் மேல் ஆசைதான். வீட்டில் சொன்னபோது மனைவி தமிழ்ச்செல்வி, "கட்டிகினு கீற வூட்டுக்கு இன்னும் ஜன்னல் வெக்கல" என்று மட்டும் சொன்னாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அடுத்த வாரமே கோதண்டராமன் அதை எடுத்துவிட்டார்.

மூன்றரை வருஷம் ஆயிற்று அந்த வண்டி எழுந்து நிற்க. வெடித்துப்போன எஞ்சினுக்குப் பதிலாக அதே மாடலின் சாதா எஞ்சினை வைத்து, ஆர்.டி.ஓ.வில் முறையாக எழுதி வாங்கினார். வளைந்த தகடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். முதல் வருஷம் பன்னீர்செல்வமும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கை கொடுத்தார். பிறகு ஏதேதோ வேலை சொல்லிப் போவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த மாடலில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதா, இன்னொன்று 'ஆர்'. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 'ஆர்' வண்டிக்குக் கம்பெனியில் பாடியையே தனியாகக் கட்டுவார்கள், எண்ணிக்கையும் குறைவு. சாதா வண்டியில் ஒரு எழுத்தை ஒட்டி, சிவப்பு சீட் மாட்டி, 'ஆர்' என்று தலையில் கட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கோதண்டராமன் மட்டும் ஆரம்பத்திலிருந்தே, தன்னுடையது உண்மையான 'ஆர்' என்று சொல்லிவந்தார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அவரும் கம்பெனியை விட்டு வந்து தனியாகப் பட்டறை வைத்து, பழைய கார்களும் விற்றுக்கொண்டிருந்த சமயத்தில், மகள் படிப்புக்காக அதை விற்க முடிவு செய்தார். கோயம்புத்தூரிலிருந்து ஹரிஹரன் என்பவர் வந்தார். யாரையாவது வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, "நம்ம பன்னீரு பாக்கட்டும்" என்று பெயர் சொன்னவரே கோதண்டராமன்தான்.

காலை பதினோரு மணி. பைபாஸ் ஓரம் ஐந்தாறு புரோக்கர்கள் கைகட்டி நின்றார்கள். பன்னீர்செல்வம் பானெட்டைத் திறந்து சேஸிஸ் நம்பரைப் படித்தார். ஏழாவது எழுத்து எதுவோ அதுதான் வண்டியின் வகை என்று அவர் கையிலிருந்த பட்டியல் சொன்னது. அந்த எழுத்து சாதா வண்டிக்கு உரியது.

கோதண்டராமன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "அது இங்க வித்த வண்டிக்குப் போட்ட லிஸ்ட்டுடா. இது சிங்கப்பூரு வண்டி. லெப்ட் சீட்டுக்குக் கீழ கார்ப்பெட்டத் தூக்கிப் பாரு. வகை நம்பரு பாடிலியே அடிச்சிகீது."

"தகட்டுல எவன் வேணா அட்ச்சிக்கலாம் மச்சான்" என்றார் பன்னீர்செல்வம். சொல்லிவிட்டு பானெட்டை மூடினார். ஹரிஹரனைப் பார்த்து, "சாதா வண்டி சார். ஆர் இல்ல" என்றார்.

யாரோ சிரித்தார்கள். ஹரிஹரன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோதண்டராமன் சண்டை போடவில்லை.

"நீ குனிஞ்சு கூட பாக்கலியே, பன்னீரு" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு 'ஸ்டிக்கர் கோதண்டம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். வண்டியைச் சாதா வண்டியாகவே ஒரு புரோக்கர் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கோதண்டராமன் விற்ற வண்டி எதையும் ஜனங்கள் நம்பவில்லை. வேலைக்கு வந்த கார்களில்கூட, பார்ட்ஸை மாற்றிவிடுவாரோ என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தார். பிறகு மனைவி அம்சாவின் ஊரான செய்யூர்ப் பக்கம் குடிபோய், ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டத் தொடங்கினார். பன்னீர்செல்வம் போன் செய்ததில்லை. உள்ளதைத்தானே சொன்னோம் என்று இருந்துவிட்டார்.

போன தை மாசம் ஜெயப்பிரியா என்ற பெண் அவரை அழைத்தாள். சிறுசேரியில் ஒரு ஐ.டி. ஆபீஸில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். மாமல்லபுரத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு இருக்கிறது, கூட வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

டூரிஸ்ட்டுகளுக்கு வீடு வாடகைக்கு விடுகிற தாவீது என்பவருடைய ஷெட்டில் வண்டி நின்றது. வெளியே கடல் சத்தம், ஷெட் முழுக்க உப்புக் காற்று. புதிதாகச் சாம்பல் நிறம் அடித்திருந்ததால் எந்த வண்டி என்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. பானெட்டைத் திறந்து முன்பக்கத் தகடுகளில் டார்ச் அடித்தபோது ஒரே அளவில் ஓடிய வெல்டு கண்ணில் பட்டது. அந்தக் கையை அவருக்குத் தெரியும். டார்ச்சை அணைத்துவிட்டு பானெட்டை மூடினார்.

"என்ன சார், ஆக்ஸிடென்ட் வண்டியா?" என்றாள் ஜெயப்பிரியா.

"ஆமாம்மா. ஆனா நல்லா பண்ணிகீறாங்க." பிறகு, பழக்கத்தில் சொன்னார். "இது சாதா வண்டி. சேஸிஸ் நம்பர்லயே தெரிஞ்சிரும்."

"அந்த லிஸ்ட் இங்க வித்த வண்டிக்குத்தானே சார்? வெளிநாட்டு வண்டிக்கு சீட்டுக்கு அடியில இருக்கும்னு படிச்சேன்" என்றாள் அவள். சொன்னதோடு நிற்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, இடது பக்கக் கதவைத் திறந்து மண்டியிட்டாள். சீட்டைப் பின்னால் தள்ளி, கார்ப்பெட்டின் ஓரத்தைப் பிய்த்துத் தூக்கினாள். "வந்து பாருங்க சார்."

அவரும் மண்டியிட்டார். தகட்டில் பதினோரு எழுத்துகள் குழியாக இருந்தன. அவள் போனில் வைத்திருந்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். 'ஆர்' என்று வந்தது. அவருக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. பிற்பாடு அடித்த எழுத்தாக இருந்தால் பெயின்ட் உடைந்து விளிம்பில் துரு ஏறியிருக்கும். இங்கே ஒவ்வொரு எழுத்தின் குழிக்குள்ளும் கம்பெனியில் முதல் பூச்சாக அடித்த ப்ரைமர் வழவழவென்று படிந்து கிடந்தது. அந்தத் தகட்டை வண்டி பிறந்த நாளிலிருந்து யாரும் தொட்டதே இல்லை. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

தாவீதுக்கே தன்னிடம் இருப்பது என்ன வண்டி என்று தெரிந்திருக்கவில்லை. பன்னீர்செல்வம் இருவரிடமும் உள்ளதைச் சொன்னார். அதை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, தன் கூலியை வேண்டாம் என்றார். அவளுக்குக் காரணம் புரியவில்லை. கடற்கரைச் சாலையில் பைக்கை ஓட்டிக்கொண்டு வரும்போது, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி நின்றார். ஏழு வருஷத்துக்கு முந்தைய காலை முழுசாக நினைவுக்கு வந்தது. 'சாதா வண்டி' என்று சொன்ன நொடியில் தன் மனசு என்ன செய்தது என்பதும் நினைவுக்கு வந்தது. அது சந்தோஷப்பட்டது. தனக்குக் கிடைக்காத வண்டி கிடைத்தவனுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை என்ற சந்தோஷம். கார்ப்பெட்டைத் தூக்கினால் அது போய்விடும் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ என்னவோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்யூருக்குப் போனார். அம்சாதான் முதலில் பார்த்தாள். முகத்தில் எதுவும் காட்டாமல், "வாங்கண்ணா" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். கோதண்டராமன் வேன் கழுவிக்கொண்டிருந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், அந்த வண்டியப் பாத்தேன். மாமல்லபுரத்துல கீது. கார்ப்பெட்டத் தூக்கிப் பாத்தேன்" என்றார் பன்னீர்செல்வம். "ஆர் வண்டிதான்."

"தெர்யும்" என்றார் கோதண்டராமன்.

"நான் தப்பா சொல்ட்டேன்டா."

"எனக்கு இன்னா புதுசா சொல்ற? அத்த முழுசா பிரிச்சு மாட்னவன் நானு. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பன்னீர்செல்வம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நடந்ததை எழுதி, தன் தவறு என்று கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அம்சா அதை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"இத்த யாருகிட்ட காட்டறதுண்ணா?" என்றாள். "இங்க கீறவங்களுக்கு அவரு வேன் டிரைவரு. அந்தப் பேரு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. தெரியாம இருக்கறதே நல்லது." மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

காப்பி வந்தது. குடித்தார்கள். வேனை எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ.வில் காட்டுவது எப்போது, மகளுக்கு எங்கே வேலை என்று இரண்டொரு பேச்சு நடந்தது. தன் பொறாமையைச் சொல்லத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்தது. சொல்ல வாயெடுத்தபோது கோதண்டராமன் எழுந்து, "மோட்டாரு ஓடிகினு கீது, தொட்டி ரொம்பிடும்" என்று பின்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் பைபாஸில் புரோக்கர்களைக் கூட்டிவைத்து நடந்ததைச் சொன்னார் பன்னீர்செல்வம். அன்று அங்கே நின்றவர்களில் இரண்டு பேர்தான் இப்போது இருந்தார்கள். அதில் ஒருவரான முத்துசாமி நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "யாரு, ஸ்டிக்கர் கோதண்டமா?" என்றார். ஒரிஜினல் வண்டி, ஸ்டிக்கர் இல்லை, தப்பு என்னுடையது என்று மறுபடியும் விளக்கினார். "சர்தான் அண்ணாத்த, பாவம்" என்றார் முத்துசாமி. அதற்குள் ஒரு பார்ட்டி வந்துவிட, எல்லாரும் கலைந்து போனார்கள்.

ஜெயப்பிரியா வண்டியை வாங்கிவிட்டாள். அதைக் கட்டி எழுப்பியவர் யார் என்று கேட்டபோது பன்னீர்செல்வம் எல்லாவற்றையும் சொல்லி, செய்யூர் நம்பரையும் கொடுத்தார். மாசி மாசம் ஒரு சாயங்காலம் அவள் போன் செய்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கோதண்டராமன் வீட்டுக்கே போய்விட்டு வந்திருந்தாள்.

"ரெண்டாவது கியர் விழ கஷ்டமா இருந்துச்சு சார். அவரே கீழ படுத்து அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டார். அப்புறம் ஓட்டிப் பாருங்கன்னு சாவியக் கொடுத்தேன். அந்த அக்காவையும் ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தார். ரொம்பப் பேசல. ஆனா சந்தோஷமாத்தான் இருந்தாங்க."

பன்னீர்செல்வம் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார்.

"என்னப் பத்தி எதுனா கேட்டானாம்மா?"

அவள் பொய் சொல்லத் தெரியாத பெண்.

"இல்ல சார். கேக்கல."

சரிம்மா, பார்த்து ஓட்டு என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.